டிக்கிக்கு ஒரு படுதா

ஓட்டுகிறவனுக்குப் பின்சீட்டின் வெக்கை தெரியாது. எங்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் எனக்கு முன்னால் இரண்டு ஏசி வென்ட்கள், ஸ்டியரிங் பிடித்த விரல்கள் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர். பின்னாலிருந்து மகன், "அப்பா, முதுகுல அடுப்பு வெச்ச மாதிரி இருக்கு" என்று மூன்றாவது முறையாகச் சொன்னான். மூன்றாவது முறையாக நானும் பிளோயரை ஒரு படி ஏற்றினேன். எனக்குப் பக்கத்தில் மனைவி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மகனுக்குப் பக்கத்தில் அம்மா எதுவும் சொல்லாமல் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒரே வண்டி, ஒரே ஏசி. கைநீட்டும் தூரத்தில் ஒருவருக்குச் சால்வை, இன்னொருவருக்குக் கைக்குட்டை.

அடுத்த நிறுத்தத்தில் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் ஏறினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மகன் சொன்னது புரிந்துவிட்டது. முகத்தில் படுகிற காற்று குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பிடரியிலும் தோள்பட்டையிலும்தான் சூடு. காற்றடித்து வரும் சூடு மாதிரி இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிற சூடு. திரும்பிப் பார்த்தேன். கூடாரம், தண்ணீர் கேன்கள், கருவிப்பெட்டி, கயிற்றுச் சுருள். அவற்றுக்கு மேலே சாய்வே இல்லாமல் நிமிர்ந்து நிற்கும் பின்கண்ணாடி, இரண்டு பக்கமும் நீளமான கண்ணாடிகள். வெயில் மொத்தமும் அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது. கருவிப்பெட்டியின் மூடியைத் தொட்டவன் உடனே கையை எடுத்துவிட்டேன்.

ஊர் ஊராக இதே மாதிரி வண்டியில் சுற்றுகிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "பின்சீட்டுக்குப் பின்னால ஒரு தடுப்பு போட்டு டிக்கிய அடைச்சிடு. நீ பாதி வண்டிய சும்மா குளிர வெச்சிட்டிருக்க. இடம் பாதியானா குளிர்றதும் பாதி நேரத்துல முடிஞ்சிரும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சின்ன அறை சீக்கிரம் குளிரும், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் அந்த வாக்கியம் எனக்குள் செரிக்கவில்லை. பல நாள் அதையே கிளறிக்கொண்டிருந்தேன்.

ஒரு டம்ளர் தண்ணீர்

கடைசியில் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் வண்டியின் டிக்கி ஏறக்குறைய 2 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. ஆக டிக்கியில் இருக்கிற மொத்தக் காற்றும் 2.4 கிலோதான், நான் தூக்கிப்போட்டிருக்கும் கயிற்றுச் சுருளைவிடக் குறைவு. அந்தக் காற்றை 25 டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம் 60 கிலோஜூல். அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகிற வெப்பம்தான் அது. பெரிய வண்டிகளின் ஏசி நல்ல வேகத்தில் 4, 5 கிலோவாட் வரை வெப்பத்தை வெளியே இழுத்துப்போடும். அதற்கு இந்த டம்ளர் தண்ணீர் பதினைந்து விநாடி வேலை. பதினைந்து விநாடி மிச்சப்படுத்தவா இத்தனை பாடு?

நண்பரின் காரணம் அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் தடுப்பு போட்ட அவர் வண்டியில் பின்சீட்டு குளிர்ச்சியாக இருக்கும், அதை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்படியானால் அந்தத் தடுப்பு வேறு ஏதோ வேலை செய்கிறது.

காற்றை விட்டுவிட்டு மற்றதை எண்ணிப் பார்த்தேன். பக்கவாட்டு பிளாஸ்டிக், கார்பெட், தகடு, சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், அதை 25 டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வேண்டும். காற்றுக்கு ஆனதைப்போல நாற்பது மடங்கு. அதுவும் ஒரு தடவையோடு முடிகிற கணக்கு இல்லை, வெயில் நின்றால்தானே முடியும். உச்சி வெயிலில் சூரியனுக்கு நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 1,000 வாட் வெப்பம் விழுகிறது. பின்கண்ணாடிகள் கறுப்புச் சாயம் போட்டவைதான். ஆனால் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கிற அளவுக்கு வெப்பத்தைத் தடுப்பதில்லை. தான் உறிஞ்சிச் சூடாகி, அதில் ஒரு பங்கை உள்ளே அனுப்புகிறது. கீழேயும் நிம்மதி இல்லை. டிக்கியின் தரைக்கு அடியில்தான் சைலன்சர் போகிறது. டீசல் வண்டியில் கரித்துகள் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்கிறபோது புகை 600 டிகிரியைத் தொடும். வடிகட்டி முன்பக்கம் இருந்தாலும் அந்தப் புகை பின்பக்கமாகத்தானே வெளியேற வேண்டும்!

அப்புறம் அந்தப் பிடரிச் சூடு. 2018-ல் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகமும் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெயிலில் நிறுத்திய கார்களுக்குள் அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே இருந்த காற்றின் சராசரி 47 டிகிரி. டேஷ்போர்டோ 69 டிகிரி, ஸ்டியரிங் 53, சீட் 51. காற்றைவிடப் பொருள்கள் சூடு, அதிலும் கண்ணாடிக்குக் கீழே வெயிலை நேராக வாங்குகிற பொருள் படுசூடு. என் டிக்கியின் மேல்பரப்பு அந்த டேஷ்போர்டுக்கு அண்ணன் தம்பி. 70 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பு, 30 டிகிரியில் இருக்கும் நம் உடம்பின் பக்கம் அள்ளிவீசும் வெப்பக் கதிர் ஏறக்குறைய 275 வாட். நடுவில் இருக்கிற காற்று எத்தனை குளிர்ந்திருந்தாலும் இந்தக் கதிருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குளிர்கால வெயிலில் நிற்கும்போது முகத்தில் சூடு உறைக்கிறதே, அதே கதைதான். பிளோயரை எத்தனை படி ஏற்றினாலும் மகனின் புகார் ஏன் தீரவில்லை என்று அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

செடான் காரில் இந்தத் தடுப்பு பிறவியிலேயே இருக்கிறது. சீட்டு முதுகும் அதன் மேல் தட்டும் டிக்கியைத் தனி அறையாக்கிவிடும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியோ டேஷ்போர்டிலிருந்து பின்கதவு வரை ஒரே கூடம். அதோடு அந்த வண்டியை நாம் வாங்குவது எதற்கு? மணலிலும் பாறையிலும் லோ ரேஞ்ச் என்கிற மெதுவான கியரில் ஊர்ந்துபோக. ஏசிக்கு மிக மோசமான நேரம் அதுதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் அது ஓட்டுகிற ஏசி கம்ப்ரஸரும் மெதுவாகச் சுற்றும். வண்டி ஊர்வதால் ஏசி இழுத்த சூட்டை வெளியே விடுகிற, முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு எதிர்காற்றும் கிடையாது. நெடுஞ்சாலையில் மறைந்துகிடக்கும் டிக்கி வெப்பம் அங்கேதான் வெளியே தலைகாட்டும்.

ஒரு சின்ன வரலாறும் ஞாபகம் வருகிறது. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய முதல் கார்களை 1940 மாடலில் கொண்டுவந்தது பேக்கார்ட் நிறுவனம். அதில் குளிர்விக்கும் பெட்டி டிக்கிக்குள் உட்கார்ந்து பாதி இடத்தை அடைத்துக்கொண்டது, குளிர்காற்று பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. 1954-ல் நாஷ் நிறுவனம் எல்லாவற்றையும் முன்பக்கத்துக்கு மாற்றியது. அந்த மாற்றம் எல்லோருக்கும் வசதிதான், பின்சீட்டில் இருப்பவர்களைத் தவிர. அன்றிலிருந்து அவர்கள் வரிசையில் கடைசி ஆள்.

பெருமையாக அடைத்தது

சரி, காரணம் எதுவானாலும் தடுப்பு வேண்டும் என்று முடிவாயிற்று. என் வண்டியில் ஏற்கெனவே இரும்பு வலை இருந்தது. சடன் பிரேக் போட்டால் சாமான் பறந்து வந்து தலையில் விழாமல் இருக்க இரண்டாம் வரிசைக்குப் பின்னால் போடுவார்களே, அது. வலை சாமானைத் தடுக்கும், காற்றையும் கதிரையும் தடுக்காது. படுதா காற்றையும் கதிரையும் தடுக்கும், சாமானைத் தடுக்காது. ஒன்றை மாட்டிவிட்டு இன்னொன்றின் வேலையையும் அதுவே பார்க்கும் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கருவிப்பெட்டி ஒன்று படுதாவைக் கிழித்துக்கொண்டு வருவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

படுதாவை வலையிலேயே கட்டிவிடலாம் என்பதால் எனக்கு ஓட்டை போடும் வேலை மிச்சம். பக்கத் தூண்களில் திருகாணி இறக்குவது பெரிய முட்டாள்தனம், கூரையோரமாகச் சுருட்டிவைத்திருக்கும் திரை ஏர்பேக் விரிகிற வழி அது. பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி வண்டியின் குறுக்குவெட்டுக்கு அச்சு எடுத்தேன். அதன்படி ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய கெட்டி ஃபோம், அதற்கு மேல் படுதாத் துணி. பளபளக்கிற பக்கம் டிக்கியைப் பார்த்தபடி. அலுமினியம் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் முன்னால் கொஞ்சம் காற்றிடம் இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். கூடாரத்தை அதன்மேல் சாய்த்துவைத்தால் அது வெறும் தகடு, சூட்டை நேராகக் கடத்தும். நடுவில் ஒரு சதுரம் வெட்டித் தெளிவான பிளாஸ்டிக் தைத்தேன், உள்கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரிய வேண்டுமே. அந்தச் சதுரம் வழியாக வெயிலும் வரும், அதனால் அளவாக வெட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓரங்களில் விரல் நுழைகிற இடைவெளிகள் தெரிந்தன. மனது கேட்கவில்லை. ஃபோம் பட்டையை வாங்கிச் சுற்றிலும் ஒட்டி, ஒரு நூலிழை வெளிச்சம்கூட வராதபடி அடைத்தேன். உள்ளே உட்கார்ந்து பார்த்துப் பெருமைப்பட்டதும் உண்மை.

கதவு மூடவில்லை

மறுநாள் காலை அம்மா ஏறிக் கதவைச் சாத்தினார். கதவு 'தொப்' என்று வந்து பாதியில் நின்றது. "என்னப்பா, கதவு மூடமாட்டேங்குது?" மறுபடி சாத்தினார், மறுபடியும் அதே. நான் இறங்கிப் போய் ஓங்கிச் சாத்தினேன், மூடியது. மகன் பக்கக் கதவும் அப்படியே. என் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாத்தினால் மட்டும் சுலபமாக மூடியது. கீல் பிரச்சினை என்று நினைத்தேன், எல்லாக் கதவுக்கும் ஒரே நாளிலா வரும்? வண்டி நகர்ந்ததும் இன்னொன்று. பிளோயர் சத்தம் வழக்கம்போல் இருக்கிறது, காற்று மட்டும் இளைத்துப்போய் வருகிறது. உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடும் உள்சுற்று பொத்தானைத் தட்டினால் பழைய வேகம் வந்தது. வெளிக்காற்றுக்கு மாற்றினால் மறுபடி இளைப்பு.

அன்று முழுவதும் எனக்கு எரிச்சல். இரவில் சாமான் இறக்கப் பின்கதவைத் திறந்து மூடினேன். அது மட்டும் எப்போதும்போல் ஒரே தள்ளில் சாந்தமாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்து மூடிப் பார்த்தேன். முன்கதவுக்குப் போய்ச் சாத்தினேன், தொப். பின்கதவு, சாந்தம். இப்படி நாலைந்து தடவை. அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, கதவைச் சாத்தும்போது உள்ளே தள்ளப்படுகிற காற்று எங்கே போகிறது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. அது போகிற வழி எதுவோ, அது படுதாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது!

டார்ச்சை எடுத்துக்கொண்டு டிக்கியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே, தகட்டில், பின் பம்பரின் மறைவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதில் மெல்லிய ரப்பர் இதழ்கள் அடுக்கடுக்காகத் தொங்கின. ஊதினால் வெளிப்பக்கமாகத் திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். மறுபக்கத்திலும் ஒன்று. முன்கண்ணாடிக்குக் கீழே நுழைகிற வெளிக்காற்று வண்டிக்குள் நடந்து வந்து வெளியேறுகிற வாசல் அதுதான். பெரும்பாலான கார்களில் இது பின்பக்கம்தான் இருக்கும். நான் வாசலை அடைத்துவிட்டு, வீட்டுக்குள் காற்று வரவில்லையே என்று மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ரப்பர் இதழைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தபோது நண்பரின் வாக்கியம் ஒருவழியாக எனக்குச் செரித்தது. அவரும் நானும் தடுப்பைச் சுவராக நினைத்தோம். வண்டியைக் கட்டியவர்களோ காற்றை ஒருபக்கமாக ஓடுகிற ஆறு மாதிரி நினைத்திருக்கிறார்கள். வெளிக்காற்றில் ஓட்டும்போது ஏசிக் காற்று முன்னால் பிறந்து, ஆட்களைத் தொட்டு, டிக்கி வழியாக வெளியே போய்விடும். டிக்கியின் சூடு எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வராது. உள்சுற்றில்தான் அது வரும். பெரும்பாலும் டேஷ்போர்டின் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் துளை பழைய காற்றையே மறுபடி இழுக்கிறது, அந்த இழுப்பில் டிக்கிச் சூடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முன்னால் வந்துசேர்கிறது.

அந்த வாரமே ஓரத்து ஃபோம் பட்டைகளைப் பிய்த்தேன், கீழே மட்டும். மேலே அப்படியே இறுக்கமாக விட்டேன். டிக்கியின் சூடான காற்று கூரையை ஒட்டித்தான் மிதக்கும், அதற்கு மேலே வழி கொடுக்கக் கூடாது. கீழே நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, அதன் டிக்கிப் பக்கத்தில் படுதாத் துணியின் ஒரு பட்டையை மேல் ஓரத்தில் மட்டும் தைத்துத் தொங்கவிட்டேன். முன்னாலிருந்து காற்று தள்ளினால் திறக்கும், பின்னாலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். ரப்பர் இதழைப் பார்த்துக் காப்பியடித்ததுதான். கதவுகள் சாந்தமாயின.

மூன்று வரிசை சீட்டுள்ள வண்டிக்காரர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அவற்றில் சிலவற்றுக்குப் பின்பக்கச் சுவருக்குள்ளேயே இரண்டாவது ஏசிப் பெட்டியும் அது காற்றை இழுக்கிற துளையும் இருக்கும். துளை தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால், அந்தப் பெட்டி சூடான டிக்கிக் காற்றையே குடித்துக் குடித்துத் திணறும். அந்த வண்டிகளில் தடுப்பு போடாமல் இருப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. சிலர் பின்கண்ணாடியைக் கொஞ்சம் திறந்துவைத்து ஓட்டினால் டிக்கிச் சூடு வெளியேறிவிடும் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்டி மாதிரியான வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறையும், சைலன்சர் புகை சுழன்று அந்தத் திறப்பு வழியாகவே உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

சூடு எங்கே போனது

இரண்டு சின்ன வெப்பமானிகளை வாங்கி, ஒன்றைப் பின்சீட்டில் தலை உயரத்திலும் இன்னொன்றை டிக்கியிலும் தொங்கவிட்டிருந்தேன். தடுப்புக்கு முன், ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, பின்சீட்டில் 31, டிக்கியில் 41. தடுப்பு போட்டபின் ஏறக்குறைய அதேபோன்ற வெயிலில் பின்சீட்டில் 27. நான்கு டிகிரிதான். ஆனால் கதிர்ச் சூடு வெப்பமானியில் முழுதாகத் தெரியாது, மகனிடம்தான் கேட்க வேண்டும். அவன் கேட்காமலேயே பதில் சொன்னான், வழி முழுக்கத் தூங்கினான்.

டிக்கியில் 52.

அதை நான் சந்தோஷமாகக் குறித்துவைத்தேன், தடுப்பு வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சியாக. முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது டிக்கியில் வைத்திருந்த பயண ஃபிரிட்ஜ் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மின்சாரம் தருகிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பாதிதான் ஏறியிருந்தது. பேட்டரி கெட்டுவிட்டதென்று அரை நாள் வயர்களைப் பிரித்து மேய்ந்தேன். அது கெடவில்லை. இந்த வகை பேட்டரிகளில் பலவற்றுக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கான மேல்வரம்பு 45 அல்லது 55 டிகிரி. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் காவல் சுற்று சார்ஜை நிறுத்திவிடும். என்னுடையது சொன்னபடி நடந்துகொண்டது. ஃபிரிட்ஜ்களில் 'டி' என்று குறிக்கிற வெப்பமண்டல வகையைக்கூடச் சுற்றுப்புறம் 43 டிகிரி வரை என்றுதான் வகுத்திருக்கிறார்கள். நான் அதை 52 டிகிரி அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். மகனின் முதுகிலிருந்த அடுப்பை எடுத்து ஃபிரிட்ஜின் முதுகில் வைத்தது தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.

இப்போது அவை இரண்டும் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டன. இரண்டாம் வரிசையில் ஒரு சீட்டை மடக்கி, ஃபிரிட்ஜைப் பெல்ட்டால் கட்டி, பேட்டரியை அதன் காலடியில் இறுக்கிவைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜின் சூடு வண்டிக்குள் வருமே என்று மனைவி கேட்டாள். ஓடும்போது அது இழுப்பது 50 வாட் அளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் விடுகிற சூடே 100 வாட். ஃபிரிட்ஜ் அரை ஆள். அந்தச் சீட்டில் முழு ஆள் உட்கார்ந்து வந்தபோது யாரும் குறை சொன்னதில்லை. நாயைப் பின்னால் ஏற்றிப்போகிறவர்களுக்கு இந்த 52 என்ற எண்ணே போதும் என்று நினைக்கிறேன். மூச்சுள்ள எதுவும் அந்தத் தடுப்புக்குப் பின்னால் போகக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட.

ஓட்டும் விதமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. நிறுத்திவைத்த வண்டிக்குத் தடுப்பால் பெரிய உபகாரம் இல்லை, முன்கண்ணாடி வழியாக வருகிற வெயிலை அது என்ன செய்யும்? கண்ணாடிகளை விரல் அளவு திறந்துவைப்பதும் பெரிதாக உதவாது என்று 2005-லேயே குழந்தை மருத்துவ ஆய்வு ஒன்று அளந்து காட்டியிருக்கிறது. சூடேறுவதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறதாம். அதனால் கிளம்பும்போது எல்லாக் கண்ணாடிகளையும் முழுக்க இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு, பிறகு ஏற்றி உள்சுற்று. உள்ளே குளிர்ந்ததும் அவ்வப்போது பத்து நிமிடம் வெளிக்காற்று. அப்போது கீழே அந்தத் துணிப் பட்டை மெல்லப் பின்பக்கம் சாய்ந்து ஆடுவது தெரியும். நாங்கள் உபயோகித்து முடித்த 26 டிகிரிக் காற்று டிக்கியைத் துடைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் டிக்கி வெப்பமானி ஐந்தாறு டிகிரி இறங்கும். இதற்காகவே சிக்னலில் நிற்கும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், மனைவிக்கு இது பிடிப்பதில்லை.

நண்பர் போன மாதம் வந்து பார்த்தார். குனிந்து துணிப் பட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கீழ தைக்க மறந்துட்டியா? குளிர்லாம் வெளிய போயிடுமே" என்றார். டம்ளர் தண்ணீரில் ஆரம்பித்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் டிக்கியைத் திறந்துவிட்டார். அனல் நேராக முகத்தில் அடித்ததில் இரண்டடி பின்னால் போய்விட்டார். அம்மாவுக்கு இது எப்போதோ பழகிவிட்டது. கைப்பிடியை இழுத்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, குக்கர் ஆவி அடங்கக் காத்திருப்பதுபோல் கொஞ்ச நேரம் விட்டுத்தான் தன் பையை எடுப்பார்.